கச்சானின் முதல் கச்சேரி

தூத்துக்குடி
8 ஜனவரி 2024

அனிஷாவுக்கு,

ஏழு கிறிஸ்துமசுக்கு ஏழு கடிதம் எழுதினாய். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. பிரித்தேன், படித்தேன், அப்பாவின் மேசை டிராயரில் போட்டேன். டிராயர் நிறைந்துவிட்டதால் எழுதுகிறேன் என்று சொல்ல ஆசைதான். ஏழு கடிதத்துக்கு எந்த டிராயரும் நிறையாது. ஒரு செய்தி இருக்கிறது. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

நான் ஓர் இசைக்குழு நடத்துகிறேன். குழுவில் இருப்பது நான் ஒருத்தி மட்டும். கிட்டார், ட்ரம், குரல் எல்லாம் நானே. பெயர் கச்சான். வைகாசியிலிருந்து ஆடிவரைக்கும் மேற்கேயிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வருமே, அதே காற்று.

நீ மடத்துக்குப் போன வருஷம், உப்புக் கம்பெனி லேபில் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் தன் இயர்போனை என் காதில் வைத்தாள். பிளாக் மெட்டல் என்றாள். கிட்டாரின் ஒலியை முள்ளாகும்வரை முறுக்கி, ட்ரம்மை மழையாகக் கொட்டி, அதன்மேல் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவது. எங்கோ ஒரு பனி ஊரில் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே வாசித்திருந்தான். எனக்கு முப்பத்தேழு வயது. அதுவரை நான் கேட்டதிலேயே நாகரிகமான சங்கதி அதுதான் என்று பட்டது. அழ வெட்கப்படுகிறவர்களை அது அழச் சொல்லவில்லை.

கோயில் பாடகர் குழுவில் ஒருவன் துபாய் போகும்போது விற்ற கிட்டாரை வாங்கினேன். பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் போனை வைத்து, தலையணையில் முகம் புதைத்துக் கத்தினேன். மூன்று பாட்டு. போட்டுக் கேட்டால் ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி இருந்தது. அடுத்த அறையிலிருந்து அப்பா கேட்டார்: "ஏளா சௌந்தரி, மிக்சியில என்னத்தளா போட்ட?"

அந்த மூன்று பாட்டும் உன்னைத் திட்டியவை. பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் கடைசியாகச் சொன்னேனே, இனி எனக்கு நீ செத்தாச்சு என்று, அதையே மூன்று விதமாகச் சொன்னேன். இதையும் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

சௌந்தரி

*

மலையடிவார மடம்
22 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்தபோது அப்பம் சுடும் அறையில் இருந்தேன். திருப்பலிக்கான அப்பம் நாங்கள்தான் சுடுகிறோம். இரண்டு தகடு கருகிவிட்டது. மதர் வந்து பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

செத்துப்போனவளின் கடிதங்களை ஏழு வருஷம் படித்திருக்கிறாய். சந்தோஷம். ஆனால் நீ அன்று சொன்னதை உடனே மன்னித்துவிட்டதாக எழுதமாட்டேன். அந்த பஸ்ஸில் மதுரைவரைக்கும் பக்கத்து சீட்டுக்காரம்மா எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். "யார்ம்மா தவறிட்டாங்க?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல முடியுமா?

இப்போது கச்சானுக்கு வருகிறேன். எனக்கு அதைக் கேட்கவேண்டும்போல இருக்கிறது. கேட்க வழியில்லை. இது அடைபட்ட மடம். போன், ரேடியோ, பாட்டுப் போடுகிற எந்த எந்திரமும் உள்ளே வரக்கூடாது. அதனால் சத்தத்தை எழுத்தில் அனுப்பு. ஆனால் சரியாக எழுது. ட்ரம் மழைமாதிரி என்றாய். தகரத்தில் பெய்கிற மழையா, மணலில் பெய்கிற மழையா? கத்துகிறவர் சொல்லிக் கத்துகிறாரா, சும்மா கத்துகிறாரா? தலையணையில் கத்தினால் எழுத்துகளில் எது முதலில் காணாமல் போகும்?

ஈஸ்டருக்குப் பிறகு பார்வை நாள் உண்டு. அப்பா வழக்கம்போல வருவார். நீயும் வா. பார்க்க வருகிறவர்களுக்கான பார்லரில் கம்பிச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அனிஷா
(இங்கே சிஸ்டர் மரிய சலோமி. நீ அப்படிக் கூப்பிடமாட்டாய், தெரியும்.)

*

தூத்துக்குடி
5 பிப்ரவரி 2024

அனிஷா,

தகரத்தில் பெய்கிற மழை. நீ கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. தலையணையில் முதலில் காணாமல் போவது சகரம். நன்றாகக் கேட்டாய். மூவாயிரம் பேர் கேட்ட பதிவைப் பற்றி ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை.

ஆமாம், மூவாயிரம் பேர். இரண்டாவது பதிவை இணையத்தில் போட்டேன். பிரேசில், போலந்து, நாகாலாந்து. எல்லாரும் என்னை 'பிரதர்' என்கிறார்கள். தனியாளாக இதைச் செய்கிறவர் ஆணாகத்தான் இருப்பார் என்பது அவர்கள் ஐதீகம். நான் திருத்தவில்லை. "பிரதர், எந்தக் காட்டில் வாழ்கிறீர்கள்?" என்று ஒருவன் கேட்டான். காடு இல்லை, உப்பளம் என்று எழுதினேன். இன்னும் மிரண்டுவிட்டான்.

அந்தப் பதிவு உப்பளத்து பம்பு செட்டில் செய்தது. பாத்திக்காரர்கள் விடியுமுன் வந்து பதினோரு மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள். அதன்பிறகு அங்கே வெயிலும் நானும்தான். இந்த இசையைக் கண்டுபிடித்தவர்கள் பனியைப் பற்றிப் பாடுகிறார்கள். பனிக்கு நான் எங்கே போக? கதவைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், கண் கூசுகிறது. அதுவே போதும் என்று பட்டது. தகரக் கூரை என் குரலை வாங்கி, அரை நொடி வைத்திருந்து, துருவோடு திருப்பித் தந்தது. பீரோ சத்தம் போய் இடத்தின் சத்தம் வந்தது.

ஒருநாள் செல்லக்கனி தூக்குச்சட்டியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். உப்பு வாருகிறவள். வாசலில் நின்று முழுப்பாட்டையும் கேட்டிருக்கிறாள்.

"யக்கா, யாரையும் கூப்பிடட்டா?"

"பாட்டுப் பாடுதேன் செல்லக்கனி."

"இதா? சரி, பாட்டுன்னா பாட்டு. எங்க மாமியா வந்து நின்னா எனக்கும் இப்படித்தான் வரும்."

ட்ரம் கம்ப்யூட்டரில் செய்வது. அதைக் கெடுத்தது அப்பா. முப்பது வருஷம் விசைப்படகு இஞ்சினைக் காதாலேயே பிரித்துப் பூட்டிய அம்புரோஸ் மேஸ்திரிக்கு முன்னால் போட்டால் சும்மா இருப்பாரா? "இது இஞ்சின் இல்லளா, கணக்கு. நல்லா ஓடுத இஞ்சின்ல ஒரு சிலிண்டர் மயிரிழை முந்தும், ஒண்ணு பிந்தும். இது செத்த இஞ்சின்." மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தினேன். உயிர் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது பதிவுக்குக் கிட்டார் எல்லாம் வாசித்தாகிவிட்டது. குரல்தான் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி, இரண்டு வாரமாகக் காற்றுதான் வருகிறது. காது மூக்கு தொண்டை டாக்டர் "டீச்சரா?" என்றார். ஆமென்று தலையாட்டினேன்.

உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பதிவு ஒரே ஓர் ஆள் கேட்பதற்காகச் செய்வது. அந்த ஆள் கேட்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். மூவாயிரம் பேர் கேட்டு எனக்கு என்ன? நீ கேட்காமல் இது முடியாது.

வரச் சொல்கிறாய். கம்பிக்குப் பின்னால் உன்னைப் பார்க்க நான் வரமாட்டேன். ஜெயிலுக்குத்தான் அப்படிப் போவார்கள்.

சௌந்தரி

*

மலையடிவார மடம்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

நாளை மறுநாள் சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர்வரை, தவசுக்காலம் முழுக்க நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. அதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோபப்படாதே. அல்லது ஈஸ்டருக்குள் பட்டு முடித்துவிடு.

நேற்று மாலை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் நேரத்தில், உன் தொண்டைக்காக ஜெபிக்கும்படி கேட்டேன். "என்ன ஆச்சு?" என்றார் மதர். எனக்கு விளக்கத் தெரியவில்லை. உன் கடிதத்திலிருந்து நாலு வரி வாசித்தேன். உச்சி வெயிலில், ஆளில்லாத உப்பளத்தில், தகரக் கொட்டகைக்குள் நின்று தொண்டை புண்ணாகும்வரை கத்துகிற வரிகள்.

"எத்தனை வருஷமா?" என்றார் மதர், மிக மெதுவாக. ஐந்தாறு வருஷமாக என்றேன். "எதுவும் உருவம் தெரியுதாமா?" என்றார் இன்னொரு சிஸ்டர். சேலை நடுவில் முதலில் தொடங்கியது என்று வேறு சொல்லித் தொலைத்தேன். பதினொரு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

புதன்கிழமையிலிருந்து உனக்காக ஒன்பது நாள் நவநாள் ஜெபம். வேண்டுதல்: நீ கத்துவது நிற்கவேண்டும். இத்துடன் மந்திரித்த எண்ணெய் ஒரு குப்பி வருகிறது. தொண்டையில் பூசவேண்டுமாம். அது பாட்டு என்று நான் சொன்னேன், அக்கா. ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

அனிஷா

*

தூத்துக்குடி
3 ஏப்ரல் 2024

ஈஸ்டர் வாழ்த்துகள், மந்திரவாதியின் தங்கச்சிக்கு.

உன் கடிதமும் குப்பியும் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி வந்தன. முதலில் எனக்கு வந்த கோபத்தில் குப்பியை எறியப் போனேன். அப்பா பிடுங்கி முட்டியில் பூசிக்கொண்டார். "கேக்குது" என்கிறார். முட்டிதான்.

மறுநாள் கடிதத்தைப் பம்பு செட்டுக்கு எடுத்துப் போனேன். கோபத்தோடு ஒரு கத்தல் முயன்று பார்ப்போம் என்று நினைப்பு. தொடங்குமுன் இன்னொருமுறை படித்தேன். "எதுவும் உருவம் தெரியுதாமா" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. தொண்டையில் குரலே இல்லாததால் அது அடிவயிற்றிலிருந்து காற்றாக ஏறி வந்தது, நிற்கவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பின் நுனியில் அப்படியே வாயைத் திறந்து கத்தினேன்.

அனிஷா, வலிக்கவில்லை! ஆறு வருஷமாகத் தொண்டையிலிருந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து கத்தவேண்டுமாம். கூரை அதிர்ந்தது. பாத்தி ஓரத்தில் நின்ற கொக்குகள் ஒருசேரக் கிளம்பின. சகரம்கூடத் தெளிவாகக் கேட்டது. நாள்காட்டியைப் பார்த்தேன். உங்கள் நவநாளின் ஏழாம் நாள். பதினொரு கன்னியர் நான் கத்தக்கூடாதென்று முழங்காலில் நின்ற நேரத்தில் எனக்குக் குரல் கிடைத்தது. மதரிடம் சொல், கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்கிறது, எழுத்தர் மட்டும் மாற்றிப் படித்துவிட்டார்.

அதன்பிறகு எல்லாமே மாறியது. வேகத்தைக் குறைத்தேன். ஆறு அடுக்குக் கிட்டாரை மூன்றாக்கினேன். ஒரு கம்பியை எதுவும் பிடிக்காமல் திறந்தபடி ஒலிக்கவிட்டேன். இரைச்சலுக்குப் பின்னால் இவ்வளவு நாளும் ஒரு மெட்டு இருந்திருக்கிறது. அது எனக்கே தெரியாது, நான்தான் அதைச் சத்தத்தால் மூடி வைத்திருந்தேன். ஒரு பாட்டை மட்டும் இணையத்தில் போட்டேன். போலந்துக்காரன் எழுதியிருக்கிறான்: "பிரதர், நலமா? இதில் சூரியன் அடிக்கிறதே." ஒருவன் கோபித்துக்கொண்டு போயேவிட்டான்.

இப்போது சிரிக்காமல் ஒன்று கேட்கிறேன். பாட்டு என்று நீ ஏன் இரண்டாம் முறை சொல்லவில்லை? நான் கத்துவது நிற்கவேண்டும் என்று நீயும் ஜெபித்தாயா?

சௌந்தரி

*

மலையடிவார மடம்
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

ஆமாம். நானும் ஜெபித்தேன். ஒன்பது நாளும்.

உன் முதல் கடிதத்தில் மூன்று பாட்டும் என்னைத் திட்டியவை என்று எழுதினாய். அதன்பிறகு உன் ஒவ்வொரு கத்தலும் என் பெயரைச் சொல்லித்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிரேசில்வரை போகிறதே என்று பயந்தேன். அங்கே யாரோ என்னை ஒரு கெட்ட தங்கச்சி என்று நினைத்துக்கொண்டிருப்பான். சிரிப்பாய். மடத்துக்குள் இருந்தால் இப்படிப்பட்டவை பெரிதாகிவிடும்.

நீ கேட்டதால் எனக்கும் ஒரு கேள்வி. பாட்டாகக் கத்தியதையெல்லாம் என்னிடமே கேட்டிருக்கலாமே? ஏன் போனாய் என்று ஒரு கார்டு போட்டிருந்தால் பதில் எழுதியிருப்பேன். சந்தோஷமாக இருந்ததால் போனேன். அவ்வளவுதான். உன்னைவிட்டு ஓடிப் போகவில்லை.

நேற்று மதரிடம் எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன். நவநாள் விவகாரத்தைக் கேட்டு முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு விதிப்புத்தகத்தை எடுத்தார்.

"பாட்டுப் போடுற எந்திரம் கூடாது. அது எழுதியிருக்கு. கிட்டார் எந்திரமா?"

"இல்ல மதர். கரண்டு இல்லாத கிட்டார் வெறும் மரம்."

"தொண்டை?"

"தொண்டையைப் பத்தி ஒண்ணும் எழுதல மதர்."

இரண்டு முறை பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். எழுதவில்லை. "அப்ப அவளே வந்து பாடட்டும். ஒன்பது நாள் முழங்கால் போட்டிருக்கோம், எதுக்குன்னு நாங்களும் கேக்கணும்ல?" என்றார்.

நான் கேட்கவேண்டுமென்றால் நீ கம்பிக்கு முன்னால் வரவேண்டும், அக்கா. வேறு வழியில்லை.

அனிஷா

*

தூத்துக்குடி
2 மே 2024

அனிஷா,

மே பதினெட்டு, சனிக்கிழமை வருகிறோம். அப்பா சட்டை தேய்க்கக் கொடுத்தாயிற்று.

எனக்குப் பயமாக இருக்கிறது. கச்சான் ஒருநாளும் யார் முன்னாலும் நின்றதில்லை. ஓராள் குழுக்கள் பெரும்பாலும் மேடை ஏறுவதில்லை, ஏறவும் முடியாது. மூன்று கிட்டாரையும் ட்ரம்மையும் ஒருத்தி ஒரே நேரத்தில் எப்படி வாசிப்பாள்? இணையத்தில் நான் ஒரு காற்று. அங்கே நாற்பத்துநாலு வயதில் மூட்டுவலியோடு நிற்கிற ஒரு பொம்பிளை.

இந்த இரண்டு வாரமாக ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். முறுக்கிய ஒலி போயிற்று. தகரக் கூரை போயிற்று. ட்ரம் போயிற்று, அதற்குப் பதில் வலது கை கம்பியில் அவ்வளவு வேகமாக ஓடவேண்டும். மிச்சம் என்ன என்று நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிட்டார் மரத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "மூடியக் கழத்துன பிறவுதானளா ஓடுதது தெரியுது" என்றார்.

ஒரு நிபந்தனை. நீ பாவப்பட்டுப் பாராட்டக்கூடாது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதவேண்டும். பார்லர் கம்பியை ஜெயில் என்று எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் வருகிறேன்.

சௌந்தரி

*

மலையடிவார மடம்
20 மே 2024

அன்புள்ள அக்கா,

பஸ் நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாய். உள்ளே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. கம்பி வழியாக உனக்குத் தெரிந்தது வெள்ளை முக்காடுகள் மட்டும்தானே. அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

நீ நுழைந்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, உன் செருப்பைப் பார்த்தேன். தலை தூக்கப் பயம். பிறகு பார்த்தேன். நரைத்திருக்கிறாய். நீயும் என்னைப் பார்த்து அதைத்தான் நினைத்திருப்பாய், ஆனால் என்னுடையது முக்காட்டுக்குள். கம்பிக்குள் விரலை விட்டாய், நான் பிடித்தேன். உன் விரல் நுனியெல்லாம் காய்ப்பு. கிட்டார் என்று அப்போதுதான் நான் முழுசாக நம்பினேன்.

தொடங்க முடியாமல் நின்றாயே, அப்போது அப்பா சொன்னது எங்களுக்கும் கேட்டது. "டீசல் இஞ்சின் முதல்ல எடுக்காதுளா. ரெண்டு சுத்து சுத்தி வுடு." மதர் என்னிடம், "அப்பா என்ன மந்திரம் சொல்றாரு?" என்றார்.

இப்போது சத்தம். நீ எனக்கு எழுதியதை இப்போது நான் உனக்கு எழுதுகிறேன். கிட்டார் மழையாக இல்லை, அக்கா. கொட்டிக் குவித்த சிப்பிகளைக் கைவிட்டுக் கிளறுகிற சத்தம். அதற்குள் ஒரு மெட்டு குனிந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு நீ வாயைத் திறந்தாய். முன்வரிசையில் மூன்று சிஸ்டர்கள் பின்னால் சாய்ந்தார்கள். ஒருவர் ஜெபமாலையைக் கீழே போட்டார். சமையலறை வாசலில் பால்காரர் கேனைக் கவிழ்த்துவிட்டு சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினார்.

எனக்குப் பயம் வரவில்லை. என்னைத் திட்டுகிறாயா என்று கவனித்துக் கேட்டேன். திட்டவில்லை. சொல்லே இல்லை. கூப்பிடுகிற சத்தம்.

என்னைவிட முன்னால் அதைக் கண்டுகொண்டவர் சிஸ்டர் எமிலியானா. எண்பத்தொரு வயது, மணப்பாட்டுக் கடற்கரைக்காரர், இங்கே வந்து அறுபது வருஷம். மெல்ல எழுந்து நின்றார். "ஏ, இது பாட்டுமில்ல பேயுமில்ல. காத்து எதுத்து அடிக்கும்போது கரையில நின்னு வள்ளத்தக் கூப்புடுத சத்தம்லா!" என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் வாயருகில் குவித்து, கடவுளே, பதில் கொடுத்தார். அறுபது வருஷம் அதை எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. நீ நிறுத்தாமல் அதற்கும் பதில் கத்தினாய். அப்புறம் ஒவ்வொருவராகக் கத்தினார்கள். கேரளத்து சிஸ்டர் கத்தியது கூவலாக இருந்தது. மதர் கத்தவில்லை. காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். தாளம் சரியாக இல்லை, மயிரிழை பிந்தியது. அப்பா திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்தக் களேபரத்தில் ஒரு குரல் "ஏளா சௌந்தரீ" என்று கூப்பிட்டதே, யாரென்று நீ வாசலில் நின்று அப்பாவிடம் கேட்டாயாம். நான்தான். அக்காளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும். சாமியாருக்கு என்ன விளக்கம் கொடுப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் நிபந்தனைப்படி விமர்சனம்: நடுவில் வேகம் குறைகிற இடம் எனக்குப் பிடித்தது. முடிவு பிடிக்கவில்லை. சட்டென்று நிறுத்திவிட்டாய். இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்.

இதே குறைதான் சிஸ்டர் எமிலியானாவுக்கும். அவருக்கு இன்னொரு குறையும் உண்டு. அவருக்கு இடது காது கேட்காது. நீ நின்றதோ அவருக்கு இடப்பக்கம். பாதிதான் கேட்டதென்று இரண்டு நாளாக மதரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார். இன்று காலை ஜெபம் முடிந்ததும் மதர் எங்களை உட்காரச் சொல்லித் தீர்ப்புச் சொன்னார். தவசுக்காலத்திலும் கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்திலும் கூடாது. பால்காரருக்கு முந்தின நாளே சொல்லிவிடவேண்டும். மற்றபடி விதிப்புத்தகத்தில் தடையொன்றும் இல்லை.

சொல்லிவிட்டு எழுந்து போய், சிஸ்டர் எமிலியானாவின் நாற்காலியைத் தானே தூக்கி, வலது காது கம்பிப் பக்கம் இருக்கும்படி பார்லரில் கொண்டுபோய்ப் போட்டார்.

அனிஷா